ஒரு பூ, மூன்று வடிவம்

நுழையும்முன்

கண்முன் உள்ள பொருளைப் பலரும் பார்க்கின்றனர். அதனுள் ஒளிந்திருக்கும் வினாவைக் காண்பவர் சிலரே. உயிரினங்களின் தோற்றம் குறித்த நூலால் உலகின் சிந்தனைப் போக்கை மாற்றிய சார்லஸ் டார்வின், தம் வாழ்வின் பிற்பகுதியைத் தோட்டத்துச் செடிகளோடு கழித்தார். ஓடைக்கரைச் சேற்றில் பூக்கும் இளஞ்சிவப்பு மலரொன்று அவருக்கு விடுகதையானது. அந்த விடுகதையை அவிழ்க்க அவர் பட்ட பாட்டையும், அதனால் உலகம் பெற்ற அறிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கடற்பயணமும்

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் சார்லஸ் டார்வின் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் புகழ்பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே தாயை இழந்த சிறுவன், வண்டுகளையும் செடிகளையும் தோழமையாகக் கொண்டு வளர்ந்தான். தந்தையின் விருப்பப்படி எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சென்றார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்து அறுவைச் சிகிச்சைகளைக் காணப் பொறாமல் அப்படிப்பைக் கைவிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹென்ஸ்லோவின் நட்பு அவருக்குக் கிட்டியது. செடியைக் கூர்ந்து நோக்கும் கலையை அவர் கற்றது இந்த ஆசிரியரிடமே.

ஹென்ஸ்லோவின் பரிந்துரையால் பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றும் வாய்ப்புக் கிடைத்தது. 1831ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய அப்பயணம் 1836ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கண்டதும் திரட்டியதும் அவருடைய வாழ்நாள் முழுமைக்கும் சிந்தனைக்கு உணவாயின. இயற்கைத் தேர்வு என்னும் கருத்து அவருள் மெல்ல உருப்பெற்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சான்றுகளைத் தொகுத்த பின்னரே, 1859ஆம் ஆண்டு நவம்பரில் உயிரினங்களின் தோற்றம் குறித்த தம் நூலை அவர் வெளியிட்டார்.

டவுன் இல்லத்துத் துயரும் ஐயமும்

1839ஆம் ஆண்டு டார்வின் தம் தாய்மாமன் மகளான எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். 1842ஆம் ஆண்டு முதல் கென்ட் மாவட்டத்து டவுன் என்னும் சிற்றூரில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். இல்லறம் அன்பால் நிறைந்தது. ஆனால் நோயும் இழப்பும் அதனைத் தொடர்ந்து வாட்டின. காரணம் அறிய இயலாத வாந்தியும் சோர்வும் டார்வினைப் பல ஆண்டுகள் வருத்தின. பத்துக் குழந்தைகளுள் மூவர் இளமையிலேயே இறந்தனர். அவருள் மூத்த மகளான ஆனி, 1851ஆம் ஆண்டு பத்து வயதில் மறைந்தபோது தந்தை அடைந்த துயரம் வாழ்நாள் முழுதும் ஆறவில்லை.

இத்துயரத்தின் அடியில் ஓர் ஐயமும் இருந்தது. தாமும் எம்மாவும் நெருங்கிய உறவினர். அந்த உறவுத் திருமணமே பிள்ளைகளின் உடல்நலக் குறைவுக்குக் காரணமாயிற்றோ என்று அவர் அஞ்சினார். அச்சத்தை அச்சமாகவே சுமந்து திரிவது அவர் இயல்பன்று. அதனை ஆய்வுக்குரிய வினாவாக மாற்றினார். நெருங்கிய உறவுக்குள் நிகழும் இனப்பெருக்கம் தீங்கு தருமா? தருமெனில், அதனைத் தவிர்க்க இயற்கை ஏதேனும் வழி வகுத்திருக்கிறதா? மனிதரிடம் சோதித்தறிய முடியாத இவ்வினாவுக்குச் செடிகள் விடை தரக்கூடும். ஒரே மலரில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அருகருகே அமைந்த செடியில், தன் மகரந்தச் சேர்க்கை என்பது உறவுக்குள் நிகழும் இனப்பெருக்கத்தின் எல்லை அன்றோ?

பிரிமுலா காட்டிய வழி

டார்வின் முதலில் ஆராய்ந்தது பிரிமுலா என்னும் வசந்தகாலச் செடியை. இச்செடியில் இருவகைப் பூக்கள் உண்டு. சிலவற்றில் சூலகத்தண்டு நீண்டும் மகரந்தத்தாள்கள் குழலின் உள்ளே தாழ்ந்தும் இருக்கும். வேறு சிலவற்றில் சூலகத்தண்டு குறுகியும் மகரந்தத்தாள்கள் வாயருகே உயர்ந்தும் இருக்கும். தோட்டக்காரர்கள் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். பொருளற்ற சிறு மாறுபாடு என்றே பலரும் அதனை ஒதுக்கினர். ஒருவகைப் பூவின் மகரந்தம் மற்றவகைப் பூவின் சூலகமுடியைச் சேரும்போதே நல்ல விளைச்சல் உண்டாகிறது என்பதை டார்வின் சோதித்து நிறுவினார். இம்முடிவை 1861ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் லின்னேயன் கழகத்தில் எடுத்துரைத்தார். அயல் மகரந்தச் சேர்க்கையை உறுதிப்படுத்தவே இரு வடிவங்கள் அமைந்துள்ளன என்பது அதன் சாரம்.

ஓர் ஆண்டுக்குள் அதனினும் சிக்கலான மலரொன்று அவர் முன் வந்து நின்றது.

ஓடைக்கரை மலர்

லித்ரம் சாலிகாரியா என்பது அம்மலரின் தாவரவியல் பெயர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் ஆற்றங்கரைகள், குளக்கரைகள், சதுப்பு நிலங்கள், நீர் தேங்கும் பள்ளங்கள் ஆகியவற்றில் இயற்கையாக வளர்வது. பல்லாண்டு வாழும் இச்செடி ஆள் உயரம் வரை வளரும். தண்டு பெரும்பாலும் நாற்கோண வடிவினது. காம்பற்ற ஈட்டி வடிவ இலைகள் எதிரெதிராகவோ மூன்று மூன்றாகவோ தண்டைச் சூழ்ந்திருக்கும். அவ்விலைகள் வில்லோ மரத்தின் இலைகளை ஒத்திருப்பதால் சாலிகாரியா என்னும் பெயர் வந்தது. லித்ரம் என்னும் சொல் குருதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பூவின் நிறம் கருதியது அது. கோடையில் நீண்ட கதிர்களாகப் பூக்கும்போது, நீர்நிலையின் ஓரம் முழுதும் செவ்வூதா கலந்த இளஞ்சிவப்புப் பட்டை விரித்தாற்போல் தோன்றும்.

லித்ரேசி என்னும் இதன் குடும்பம் நமக்கு அயலானதன்று. கைக்குச் சிவப்பூட்டும் மருதாணியும், மணியாய்ப் பழுக்கும் மாதுளையும், சாலையோரங்களில் ஊதாக் கொத்தாய்ப் பூக்கும் பூமருதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஒரு பூவை அருகில் வைத்து நோக்குவோம். புல்லிகள் இணைந்து குழல் ஆகியிருக்கும். அதன் விளிம்பில், சற்றே கசங்கியது போன்ற மெல்லிய அல்லிகள் பெரும்பாலும் 6 இருக்கும். உள்ளே மகரந்தத்தாள்கள் 12. அவை 6, 6 ஆக இரு தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒவ்வோர் உயரம். நடுவே ஒரு சூலகத்தண்டு. அதன் உயரம் வேறு. ஆகவே ஒரே பூவினுள் நெடிது, இடையது, குறிது என மூன்று படிகள் அமைகின்றன. ஒரு படியில் சூலகமுடியும், எஞ்சிய இரு படிகளில் மகரந்தப்பைகளும் இருக்கும்.

எப்படியில் சூலகமுடி இருக்கிறது என்பதைப் பொறுத்துச் செடிகள் மூவகைப்படும். நெடுந்தண்டுச் செடியில் மகரந்தத்தாள்கள் இடையிலும் கீழும் இருக்கும். இடைத்தண்டுச் செடியில் அவை மேலும் கீழும் இருக்கும். குறுந்தண்டுச் செடியில் மேலும் இடையிலும் இருக்கும். ஒரு செடியின் எல்லாப் பூக்களும் ஒரே வகையாகவே அமையும். மூவகைச் செடிகளும் ஒரே கரையில் கலந்து வளரும். மகரந்தத்தூளிலும் வேறுபாடு உண்டு. மிக நீண்ட தாள்களின் தூள் பச்சை நிறத்தது, அளவிலும் பெரியது. ஏனைய தாள்களின் தூள் மஞ்சள் நிறத்தது. குறுந்தாள்களின் தூளே அளவில் மிகச் சிறியது.

இம்மூவகை அமைப்பைச் சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் வோஷே உள்ளிட்ட சிலர் முன்னரே கண்டு எழுதியிருந்தனர். அது எதற்காக என்னும் வினாவுக்கு விடை கண்டவர் டார்வினே.

பதினெட்டு வகைச் சேர்க்கை

1862ஆம் ஆண்டுக் கோடையில் டார்வின் இம்மலரில் முழுமையாக ஆழ்ந்தார். மூவகைச் செடிகளும் இயற்கையில் எவ்வெவ்வளவில் வளர்கின்றன என்று அறிய விரும்பினார். எம்மாவின் உடன்பிறந்தார் மகள்களான வெட்ஜ்வுட் சகோதரியர் மூவர் கதிர்களைச் சேகரித்து, வகைவாரியாக எண்ணி அனுப்பினர். இவ்வாறு உறவினரையும் நண்பரையும் தொலைநாட்டுத் தாவரவியலாரையும் கடிதங்களின் வழியே தம் ஆய்வில் பங்கேற்கச் செய்தார்.

அடுத்து வந்தது பொறுமையைச் சோதிக்கும் பணி. ஒவ்வொரு வகைப் பூவிலும் இரு தொகுதி மகரந்தத்தாள்கள். மூவகையிலும் சேர்த்து 6 தொகுதிகள். மூவகைச் சூலகமுடிகளுள் ஒவ்வொன்றும் இந்த 6 வகை மகரந்தத்தையும் பெறக்கூடும். ஆகவே நிகழக்கூடிய சேர்க்கைகள் 18. இவற்றுள் எவை பயன் தருகின்றன என்று அறிய, பதினெட்டையும் தனித்தனியே செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பூச்சிகள் நுழையாதவாறு செடிகளை வலையால் மூடினார். தன் மகரந்தம் சூலகமுடியில் விழாதிருக்க, நகத்தளவுப் பூவினுள் இருந்த பன்னிரு தாள்களையும் முன்கூட்டியே களைந்தார். பின்னர் வேண்டிய மகரந்தத்தைச் சூலகமுடியில் சேர்த்து, அடையாளமிட்டுக் காத்திருந்தார். காய் முற்றியதும் அதனுள் இருந்த மிகச் சிறிய விதைகளை எண்ணினார். இவ்வாறு 200க்கும் மேற்பட்ட மலர்களில் சேர்க்கை செய்து பதிவு செய்தார். ஒரு நாளில் சில மணி நேரமே உழைக்க முடிந்த நோயாளர் ஒருவர் இதனைச் செய்து முடித்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

விதைகள் தந்த விடை தெளிவாக இருந்தது. சூலகமுடி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்துத் தாளிலிருந்து வந்த மகரந்தமே நிறைவான விளைச்சலைத் தந்தது. பதினெட்டுச் சேர்க்கைகளுள் இவ்வாறு பொருந்துவன 6 மட்டுமே. எஞ்சிய 12 சேர்க்கைகளில் விதைகள் குறைந்தன. சிலவற்றில் விதையே இல்லை எனலாம். தாளுக்கும் சூலகத்தண்டுக்கும் இடையே உயர வேறுபாடு மிகுந்தோறும் மலட்டுத்தன்மையும் மிகுந்தது.

இதன் பொருள் ஆழமானது. எந்தப் பூவிலும் அதன் சூலகத்தண்டின் உயரத்தில் மகரந்தத்தாள் இல்லை. ஆகவே பொருத்தமான மகரந்தம் அப்பூவிலிருந்து கிடைக்காது, அச்செடியிலிருந்தும் கிடைக்காது, அவ்வகைச் செடி எதிலிருந்தும் கிடைக்காது. மற்ற இரு வகைகளிலிருந்தே அது வரவேண்டும். தன் மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்க இயற்கை இட்ட மும்மடித் தாழ்ப்பாள் இது.

தேனீயின் உடலில் மூன்று இடங்கள்

மகரந்தம் உரிய இடம் சேர்வது எவ்வாறு? டார்வின் செடியருகே நின்று தேனீக்களை நோக்கினார். குழலின் அடியில் உள்ள தேனை உண்ணத் தேனீ பூவின் மீது அமர்ந்து தலையை உள்ளே நுழைக்கிறது. அப்போது நீண்ட தாள்களின் மகரந்தம் அதன் வயிற்றிலும் பின்னங்கால்களின் உட்புறத்திலும் படிகிறது. இடைத்தாள்களின் மகரந்தம் மார்பின் அடியிலும் முன்னங்கால்களிலும் ஒட்டுகிறது. குறுந்தாள்களின் மகரந்தம் உறிஞ்சுகுழலிலும் முகவாயிலும் ஒட்டுகிறது. அதே தேனீ அடுத்த பூவில் அமரும்போது, அங்குள்ள சூலகமுடி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திற்குரிய உடற்பகுதியே அதனைத் தொடுகிறது. உயரத்திற்கு உயரம் பொருந்தியிருப்பதன் பயன் இதுவே. பூவின் அமைப்பும் பூச்சியின் உடலும் ஒன்றுக்கொன்று இயைந்து நிற்பதை இம்மலர் கண்கூடாகக் காட்டியது.

விதை சொன்ன வாதம்

இவ்வாய்வு வேறொரு பெரிய வழக்குக்கும் சான்றாயிற்று. இருவேறு சிற்றினங்களை இணைத்தால் பிறக்கும் கலப்பினம் மலடாகிறது. ஆகவே சிற்றினங்கள் கலவாதிருக்கத் தனியே படைக்கப்பட்டவை என்று அக்காலத்து அறிஞர் பலர் வாதிட்டனர். லித்ரம் மலரோ ஒரே சிற்றினம். ஒரே தாயின் விதையிலிருந்து முளைத்த செடிகளுக்குள்ளும் சில சேர்க்கைகள் மலடாயின. பொருந்தாச் சேர்க்கையில் கிடைத்த விதைகளையும் டார்வின் விதைத்து வளர்த்தார். அச்செடிகளுட் பல வளர்ச்சி குன்றின. சில முற்றிலும் மலடாயின. கலப்பினங்களிடம் காணப்படும் குறைகள் அனைத்தும் ஒரே சிற்றினத்தின் பிள்ளைகளிடம் தோன்றின. எனவே மலட்டுத்தன்மை சிற்றினங்களைப் பிரிக்க இடப்பட்ட தனிச்சிறப்பான வேலி அன்று என்பது புலனாயிற்று. இக்கருத்தை 1868ஆம் ஆண்டு லின்னேயன் கழகத்தின் முன் வைத்தார்.

நோய்ப்படுக்கையில் எழுதிய கட்டுரை

லித்ரம் குறித்த கட்டுரை எளிதில் எழுதப்பட்டதன்று. 1863ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டார்வினின் நோய் முற்றியது. மாதக்கணக்கில் எழுதவும் நடக்கவும் இயலாமல் கிடந்தார். 1864ஆம் ஆண்டு வசந்தத்தில் சற்றே தேறியதும் அவர் கையிலெடுத்த பணிகளுள் முதன்மையானது இம்மலரின் கட்டுரையே. அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் அது லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. அதே ஆண்டு அரச கழகம் அவருக்குத் தன் உயரிய கோப்லி பதக்கத்தை வழங்கியது. விழாவுக்குச் செல்லும் அளவுக்குக்கூட அவர் உடல் இடந்தரவில்லை.

இதனை அடுத்து அவர் ஆய்வு மேலும் விரிந்தது. 57 சிற்றினச் செடிகளைக் கொண்டு, அயல் மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவற்றையும் தன் மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவற்றையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டார். 11 ஆண்டுகள் நீண்ட இச்சோதனைகளின் முடிவு 1876ஆம் ஆண்டு நூலாக வந்தது. அயல் சேர்க்கையில் பிறந்தவை பொதுவாக உயரத்திலும் எடையிலும் விளைச்சலிலும் மேம்பட்டிருந்தன. மறு ஆண்டு, ஒரே சிற்றினச் செடிகளில் காணப்படும் மலர் வடிவ வேறுபாடுகள் பற்றிய நூலை வெளியிட்டு, அதனை அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரேவுக்கு உரிமையாக்கினார். தம் சிறு கண்டுபிடிப்புகளுள் இம்மலர் வடிவங்களின் பொருளை உணர்ந்ததைப் போல் மகிழ்ச்சி தந்தது வேறொன்றில்லை என்று தன்வரலாற்றில் அவர் குறித்துள்ளார்.

வீடு நோக்கித் திரும்பிய வினா

தோட்டத்தில் கிடைத்த விடை, தம் வீட்டைப் பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிட்டதாக டார்வின் எண்ணவில்லை. செடிக்குப் பொருந்துவது மனிதருக்கும் அவ்வாறே பொருந்தும் என்று கருதுவது முறையன்று; அதற்குத் தனிச்சான்று வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றிய வினாவையும் சேர்க்க வேண்டும் என்று விரும்பினார். அவருடைய நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பாக் 1870ஆம் ஆண்டு அதனை அவையில் முன்மொழிந்தார். அவை அதனை ஏற்கவில்லை. பின்னர் டார்வினின் மகன் ஜார்ஜ், கிடைத்த புள்ளிவிவரங்களைக் கொண்டு இப்பொருளை ஆராய்ந்து 1875ஆம் ஆண்டு வெளியிட்டார். உறவுத் திருமணத்தின் தீங்கு பலரும் அஞ்சிய அளவுக்குப் பெரிதாக அவருக்குத் தென்படவில்லை. தந்தையின் துயரில் பிறந்த வினாவை மகன் எண்களின் துணையோடு எதிர்கொண்டார்.

1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டவுன் இல்லத்தில் டார்வின் மறைந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பேர்த்தி தொடர்ந்த பணி

மூவகைச் செடிகள் எம்முறைப்படி பிறக்கின்றன என்பதை டார்வினால் விளக்க இயலவில்லை. மெண்டலின் மரபியல் விதிகள் அக்காலத்து அறிவுலகின் கவனத்தைப் பெறவில்லை. 1900ஆம் ஆண்டுக்குப் பின் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, டார்வினின் மகன் ஹோரஸின் மகளான நோரா பார்லோ இப்பணியைக் கையிலெடுத்தார். லித்ரம் செடிகளிலும் அவற்றைப் போன்றே மூன்று வடிவங்கள் கொண்ட ஆக்சாலிஸ் செடிகளிலும் அவர் செய்த ஆய்வு 1913ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவருக்குப் பின் வந்த மரபியலார், இரு மரபணு இடங்களே சூலகத்தண்டின் உயரத்தை முடிவு செய்கின்றன என்று கண்டனர்.

அதே செடி இன்று வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவுக்குச் சென்றுசேர்ந்த லித்ரம், அங்குள்ள சதுப்பு நிலங்களில் கட்டின்றிப் பரவி, மண்ணுக்குரிய செடிகளை நெருக்கியது. அதனைக் கட்டுப்படுத்த, அச்செடியை மட்டுமே உண்ணும் ஐரோப்பிய வண்டுகள் 1990களில் அங்கு விடப்பட்டன. தன் மண்ணில் அழகாய் விளங்கும் செடி, அயல் மண்ணில் அல்லலாகவும் மாறக்கூடும்.

பெரிய உண்மைகளைத் தேடிப் பெரிய பொருள்களிடமே செல்ல வேண்டும் என்பதில்லை. உலகைச் சுற்றி வந்த அறிஞர், தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பூவின் தாள்களை எண்ணினார். சொந்தத் துயரை மறைக்கவும் இல்லை. அதற்கேற்ப முடிவுகளை வளைக்கவும் இல்லை. விதைகளை எண்ணினார், அவை கூறியதை எழுதினார். அறிவியல் மனப்பான்மை என்பது இதுவே.

தெரிந்து தெளிவோம்

நம் ஏரி குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் மூவகைச் சூலகத்தண்டு கொண்ட செடியே. அதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே மூன்று வடிவங்களும் காணப்படுகின்றன. பிற நாடுகளுக்குப் பரவியபோது பெரும்பாலும் இடைத்தண்டு வடிவமே சென்றுசேர்ந்தது. விதையை மட்டும் நம்பாமல், ஓடுதண்டின் வழியே புதுச்செடிகளை ஈன்று அது விரைந்து பெருகுகிறது.

சொற்பொருள்

சிற்றினம் – தம்முள் இனப்பெருக்கம் செய்யும் ஒரே வகை உயிர்த்தொகுதி
சூலகமுடி – மகரந்தத்தை ஏற்கும், சூலகத்தண்டின் நுனி
இயைந்து – பொருந்தி
புலனாயிற்று – தெளிவாயிற்று

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் நீர்நிலையின் கரையில் வளரும் ஐந்து செடிகளின் பெயர்களைத் திரட்டி, அவற்றின் பூக்களில் மகரந்தத்தாள்களும் சூலகத்தண்டும் எவ்வுயரத்தில் அமைந்துள்ளன என்று வரைந்து காட்டுக.
2. மூவகை லித்ரம் மலர்களையும் 18 சேர்க்கைகளையும் அட்டவணையாக்கி, அவற்றுள் பொருந்தும் 6 சேர்க்கைகளைக் குறிக்க.
3. தம் வாழ்வின் துயரை ஆய்வு வினாவாக மாற்றிய டார்வினின் பண்பு குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.